ஊக்கமருந்து எடுத்த பேஸ்பால் வீரர்களுக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடம் தரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவுக்கு வந்து பேஸ்பால் பார்க்கப் பழகிய தமிழ் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இது: "அதிக ஹோம் ரன் அடித்த ஆளுக்கே ஹால் ஆஃப் ஃபேமில் இடம் இல்லையாமே, ஏன்?" பதில் சொல்ல ஆரம்பித்தால் அதிலிருந்து இன்னும் பத்துக் கேள்வி கிளம்பும். அவற்றை எல்லாம் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். என் முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து எடுத்தது நிரூபணமாகியிருந்தாலோ, வீரரே ஒப்புக்கொண்டிருந்தாலோ, அந்த மரியாதையைத் தரக் கூடாது.

ஹால் ஆஃப் ஃபேம் என்பது என்ன?

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1939-இல் திறக்கப்பட்ட பேஸ்பால் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய மட்டைகள், கையுறைகள், சட்டைகள் எல்லாம் பல அறைகளில் இருக்கும். ஆனால் ஊர் ஊராக மக்கள் தேடி வருவது ஒரே கூடத்துக்காகத்தான். ஓக் மரச் சுவர்களில் வரிசையாக வெண்கலப் பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வீரரின் முகம், கீழே நான்கைந்து வரி. நான் போயிருந்தபோது, அதுவரை கத்திக்கொண்டு ஓடிய பிள்ளைகள் அந்தக் கூடத்துக்குள் வந்ததும் தாமாகவே குரலைத் தாழ்த்தினார்கள். ஒரு பெரியவர் பலகையின் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அருங்காட்சியகத்தில் ஒருவரின் மட்டை இருப்பது வேறு, இந்தச் சுவரில் முகம் இருப்பது வேறு. இந்த வித்தியாசம்தான் பின்னால் வரும் பல பதில்களுக்கு அடிப்படை.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பத்தாண்டு அனுபவமுள்ள பேஸ்பால் செய்தியாளர்கள். ஒருவர் பத்துப் பெயர் வரை எழுதலாம். 75 சதவீத ஓட்டு வாங்கினால் உள்ளே. ஓய்வு பெற்று ஐந்தாண்டு கழிந்த வீரரின் பெயர் பட்டியலில் வரும், அதிகபட்சம் பத்து ஆண்டு அங்கே இருக்கும். அதற்குள் தேறாதவர்களைப் பிறகு 16 பேர் கொண்ட குழு ஒன்று பரிசீலிக்கலாம்.

எதைப் பார்த்து ஓட்டுப் போடுவது என்பதையும் விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். சாதனை, திறமை, அணிக்குச் செய்த பங்களிப்பு இவற்றோடு நேர்மை, விளையாட்டு உணர்வு, நடத்தை ஆகியவையும் அதில் வருகின்றன. "எண்களை மட்டும் பாருங்கள், ஆளைப் பார்க்காதீர்கள்" என்று வாதாடுபவர்கள் இந்த வரியைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

எந்தெந்த வீரர்களைப் பற்றிய பேச்சு இது?

முதலில் பாரி பாண்ட்ஸ். வாழ்நாளில் 762 ஹோம் ரன், 2001 என்ற ஒரே ஆண்டில் 73. இரண்டுமே இன்றுவரை சாதனை. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சொல்வதானால் ஹோம் ரன் என்பது சிக்ஸரைப் போல, ஆனால் பல மடங்கு அரிது. அடுத்தவர் ரோஜர் கிளெமென்ஸ். பந்து எறிபவர், 354 வெற்றிகள், சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது ஏழு முறை. பிறகு மார்க் மக்வயர், சாமி சோசா, ரஃபேல் பால்மெய்ரோ, மேனி ராமிரெஸ், அலெக்ஸ் ரோட்ரிகஸ். செய்தியாளர் ஓட்டில் பாண்ட்ஸுக்கும் கிளெமென்ஸுக்கும் 2022 கடைசி ஆண்டு. பாண்ட்ஸ் 66 சதவீதம், கிளெமென்ஸ் 65.2 சதவீதம். இருவரும் தேறவில்லை.

அந்தக் காலத்தில் ஊக்கமருந்துக்குத் தடையே இல்லை என்கிறார்களே?

பாதி உண்மை. 1991-லேயே பேஸ்பால் நிர்வாகத்தின் அப்போதைய தலைவரான ஆணையர் ஃபே வின்சென்ட், சட்டவிரோத மருந்துகள் எதையும் பயன்படுத்தக் கூடாது, தசையை வளர்க்கும் ஸ்டீராய்டும் அதில் அடங்கும் என்று எல்லா அணிகளுக்கும் எழுதினார். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு வைத்திருப்பதும் நாட்டின் சட்டப்படி அப்போதே குற்றம்தான். இல்லாமல் போனது சோதனை. வீரர்கள் சங்கம் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை, அணி முதலாளிகளும் பெரிதாக வற்புறுத்தவில்லை. 2003-இல்தான் பெயர் வெளியிடாமல் ஒரு முதல் சோதனை நடந்தது. 5 சதவீதத்துக்கு மேல் சிக்கினால் அடுத்த ஆண்டிலிருந்து முறையான சோதனை என்று நிபந்தனை. தாண்டிவிட்டது.

விதி தெளிவாக இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் எல்லோரும் ஏன் ஒளித்துச் செய்தார்கள்? ஊசியைக் குளியலறையில் வைத்துப் போட்டவர்களுக்கு, அது வெளியே தெரியக் கூடாத வேலை என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.

1998-இல் என்ன நடந்தது? எல்லோரும் அந்த ஆண்டைப் பற்றியே பேசுகிறார்களே?

1994-இல் வேலைநிறுத்தம். உலகத் தொடர் இறுதி ஆட்டங்களே ரத்தாயின. ரசிகர்கள் கோபத்தில் மைதானத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். 1998-இல் மக்வயரும் சோசாவும் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு ஹோம் ரன் அடிக்கத் தொடங்கியதும் கூட்டம் திரும்பி வந்தது. ஒரு பருவத்தில் 61 என்று ரோஜர் மேரிஸ் 1961-இல் வைத்த சாதனைதான் இலக்கு. செப்டம்பர் 8-ஆம் தேதி செயின்ட் லூயிஸில் மக்வயர் 62-ஆவது அடித்தார். எதிரணியில் ஆடிக்கொண்டிருந்த சோசா ஓடி வந்து கட்டிக்கொண்டார். மக்வயர் அரங்கின் ஓரத்துக்குப் போய், அங்கே உட்கார்ந்திருந்த மேரிஸின் பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டார். நாடே கண் கலங்கிப் பார்த்த காட்சி.

அதற்குச் சில வாரம் முன்பு ஸ்டீவ் வில்ஸ்டைன் என்ற செய்தியாளர், மக்வயரின் உடைமாற்றும் இடத்தில் அலமாரித் தட்டின் மேல் திறந்தபடி இருந்த ஒரு புட்டியைக் கண்டு பெயரைக் குறித்துக்கொண்டார். ஆண்ட்ரோஸ்டெனடியோன், தசை வளர்க்க எடுக்கும் மருந்து. ஒலிம்பிக்கில் தடை, பேஸ்பாலில் தடையில்லை, கடையிலேயே கிடைத்தது. அவர் அதை எழுதியபோது மருந்தைப் பற்றிப் பேசியவர்களைவிட, அடுத்தவர் அலமாரியை எட்டிப் பார்த்தார் என்று அவரைத் திட்டியவர்களே அதிகம். அந்த நேரத்தில் யாரும் தூக்கத்திலிருந்து எழ விரும்பவில்லை.

2010 ஜனவரியில் மக்வயர் வாய் திறந்தார். ஸ்டீராய்டு எடுத்தது உண்மை, 1998-இலும் எடுத்தேன் என்றார். வெளியே சொல்வதற்கு முன் மேரிஸின் மனைவியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். அந்த அழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் மேரிஸ் 1985-லேயே இறந்துவிட்டார். அவருக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் பலகை கிடையாது.

எல்லோரும்தானே எடுத்தார்கள்? ஊரோடு ஒத்துப்போனதில் என்ன தப்பு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நேரம் எடுத்துப் பதில் சொல்வேன். ஏனென்றால் எல்லோரும் எடுக்கவில்லை. எடுக்காதவர்கள் யார் என்று நமக்குத் தெரியாமல் போனதற்குக் காரணமே அவர்கள் எடுக்கவில்லை என்பதுதான்.

டேன் நால்டி என்ற பிட்ச்சரை எடுத்துக்கொள்ளுங்கள். 1994-இல் ஃப்ளோரிடாவில் ஃபோர்ட் மயர்ஸ் மிராக்கிள் என்ற மைனர் லீக் அணியில் ஆடினார். மினசோட்டா ட்வின்ஸ் அணிக்கு ஆள் தயார் செய்யும் கீழ்மட்ட அணி அது. மைனர் லீக் வாழ்க்கையில் சம்பளம் குறைவு. இரவெல்லாம் பஸ் பயணம், ஒரே வாடகை வீட்டில் நான்கைந்து பேர். மேலே போக இருக்கும் இடங்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. அந்த அணியில் நால்டியைப் போலவே கை பலமும் வயதும் கொண்ட வேறு பிட்ச்சர்களும் இருந்தார்கள். நால்டி ஒல்லியாக, நெட்டையாக இருந்தவர். ஸ்டீராய்டு எடுக்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் உடல் எடை 20 கிலோவுக்கு மேல் கூடியது. பந்தின் வேகமும் கூடவே ஏறியது. 1996-இல் ட்வின்ஸ் அணிக்குப் போனார், 1999-இல் நியூயார்க் யாங்கீஸில் ஆடினார், அந்த ஆண்டு யாங்கீஸ் உலகத் தொடரை வென்றது. கூட இருந்தவர்களில் மருந்தைத் தொடாத மூன்று பிட்ச்சர்கள் பெரிய லீகில் ஒரு நாள்கூட ஆடவில்லை.

இதெல்லாம் நமக்குத் தெரிவது நால்டியே சொன்னதால்தான். பேஸ்பால் நிர்வாகம் முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல்லை வைத்து விசாரணை நடத்தி, 2007 டிசம்பரில் 409 பக்க அறிக்கை வெளியிட்டது. அதில் 89 வீரர்களின் பெயர்கள். பெரும்பாலான வீரர்கள் மிட்செல்லிடம் பேசவே மறுத்தார்கள். நால்டி பேசினார். பிறகு மத போதகரானார். மற்றவர்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தான் எடுத்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே வருந்தினார்.

அந்த மூன்று பேரை நினைத்துப் பாருங்கள். ஒருநாள் மேலாளர் கூப்பிட்டு "இத்தோடு முடித்துக்கொள்ளலாம்" என்று சொல்லியிருப்பார். பையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய் வேறு வேலை தேடியிருப்பார்கள். தம்மால் முடியவில்லை என்றே பல வருடம் நினைத்திருப்பார்கள். விளையாட்டில் ஒருவர் ஏமாற்றினால் "யாருக்கு என்ன நஷ்டம்" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இந்த மூன்று பேர்தான். பாண்ட்ஸும் ரோட்ரிகஸும் நால்டியைவிட நூறு மடங்கு திறமைசாலிகள், மறுக்கவில்லை. ஆனால் உச்சியில் இருப்பவர் ஊசி போட்டுக்கொண்டு 73 அடித்தால், கீழே இருக்கும் பையனுக்குப் போகும் செய்தி ஒன்றே ஒன்றுதான்: போடாவிட்டால் நீ வீட்டுக்குப் போ.

2005 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு நடத்திய விசாரணையில், ஸ்டீராய்டு எடுத்துப் பிறகு தற்கொலை செய்துகொண்ட இளம் ஆட்டக்காரர்களின் பெற்றோரும் வந்து பேசினார்கள். அதே நாளில் பால்மெய்ரோ விரலை நீட்டி, "நான் ஒருபோதும் எடுத்ததில்லை" என்று சத்தியம் செய்தார். அவர் சோதனையில் சிக்கிய செய்தி ஆகஸ்டில் வெளியே வந்தது.

பாண்ட்ஸ் மருந்துக்கு முன்பே மகத்தான வீரர்தானே? அந்தக் கணக்கை மட்டும் பார்த்துச் சேர்க்கலாமே?

பாண்ட்ஸ் ஆதரவாளர்களின் வலுவான வாதம் இது. அவர் மருந்துக்குப் போனது 1998-க்குப் பிறகுதான் என்று பலரும் நம்புகிறார்கள். அதற்குள்ளேயே மூன்று முறை லீகின் மிகச் சிறந்த வீரர் விருது. 400 ஹோம் ரன் அடித்து, 400 முறை தளமும் திருடிய (எதிரணி அசரும் நேரத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது) முதல் ஆளும் அவர்தான். அன்றைக்கே ஓய்வு பெற்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்திருப்பார்கள்.

எனக்கு இதில் வருத்தம்தான் மிஞ்சுகிறது. அவர் ஆட்டத்தை ரசித்தவன் நான். மட்டையைச் சற்றுக் குட்டையாகப் பிடித்து, கண்ணிமைக்கும் நேரத்தில் சுழற்றும் அந்தக் கை வேகத்தை வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வாழ்க்கையை நடுவில் வெட்டி, நல்ல பாதியை மட்டும் சுவரில் மாட்ட வழியில்லை. பால்கோ என்ற நிறுவனத்தின் மருந்துகள் பற்றிய விசாரணையில், தன் பயிற்சியாளர் கொடுத்ததை ஆளி விதை எண்ணெய் என்றும் மூட்டுவலிக் களிம்பு என்றும் நினைத்துப் பயன்படுத்தியதாகச் சாட்சி சொன்னார். உடம்புக்குள் போகும் ஒவ்வொரு கவளத்தையும் கணக்குப் பார்த்த மனிதர் அப்படி நினைத்தார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. விசாரணைக்குத் தடையாக இருந்ததாக 2011-இல் வந்த தீர்ப்பு 2015-இல் ரத்தானது, அதையும் சொல்லிவிட வேண்டும். சட்டப்படி அவர் குற்றவாளி இல்லை.

கிளெமென்ஸ்?

இவர் விஷயத்தில் எனக்கு இரண்டு மனது. பயிற்சியாளர் பிரையன் மக்னமீ, நான்தான் ஊசி போட்டேன் என்றார். கிளெமென்ஸ் தொடர்ந்து மறுத்தார். பொய் சொன்னதாக வழக்குப் போட்டார்கள், 2012-இல் எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுதலையானார். சோதனையில் சிக்கியதும் இல்லை. என் உள்மனது மக்னமீயை நம்புகிறது. ஆனால் உள்மனது நிரூபணம் ஆகாது. ஓட்டு என் கையில் இருந்திருந்தால் ராத்திரி தூக்கம் வந்திருக்காது.

அப்படியானால் சந்தேகம் இருந்தாலே தள்ளிவிடலாமா?

கூடவே கூடாது. மைக் பியாஸாவும் ஜெஃப் பேக்வெல்லும் தோள் அகலமாக இருந்ததாலேயே பல ஆண்டு காத்திருந்தார்கள். சோதனையில் சிக்கியதில்லை, விசாரணை அறிக்கையில் பெயரில்லை. கடைசியில் 2016-இலும் 2017-இலும் தேர்வானார்கள். அது சரியான முடிவு. ஊர் வாய் பேசுவதை வைத்து ஒருவருடைய பெயரைக் கெடுப்பது ஏமாற்று வேலைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

டேவிட் ஆர்டிஸ் கொஞ்சம் சிக்கல். 2003-இல் நடந்த ரகசியச் சோதனைப் பட்டியலில் அவர் பெயர் இருந்ததாக 2009-இல் பத்திரிகைச் செய்தி வந்தது. அந்தப் பட்டியலில் உறுதி செய்யப்படாத முடிவுகளும் இருந்தன என்று ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் பிறகு விளக்கினார். முறையான சோதனை வந்தபின் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆடியும் ஆர்டிஸ் சிக்கவில்லை. 2022-இல் முதல் முயற்சியிலேயே 77.9 சதவீதம். அதே ஓட்டுப்பெட்டியில் பாண்ட்ஸ் வெளியே. இருவருக்கும் ஒரே அளவுகோலா வைத்தார்கள் என்று கேட்டால் எனக்கும் நெருடுகிறது. ஆர்டிஸ் சிரித்துப் பேசும் மனிதர், பாண்ட்ஸ் செய்தியாளர்களிடம் முகம் கொடுக்காதவர். அது ஓட்டில் எதிரொலிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ரோட்ரிகஸும் ராமிரெஸும் வேறு ரகம். தண்டனை விதிகள் தெளிவான பின்னும் சிக்கியவர்கள். ரோட்ரிகஸ் 2014 பருவம் முழுக்க 162 ஆட்டம் தடையில் இருந்தார். 696 ஹோம் ரன் அடித்தவருக்கு 2025-இல் கிடைத்த ஓட்டு 37.1 சதவீதம்.

பழைய காலத்து ஏமாற்றுக்காரர்கள் உள்ளே இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். கருப்பின வீரர்களோடு ஆட மறுத்த கேப் ஆன்சன் 1939-லேயே உள்ளே போய்விட்டார். விதிப்படி கூடாத, எச்சில் தடவிய பந்தை எறிந்ததை வெளிப்படையாகவே சொன்ன கேலார்ட் பெர்ரி 1991-இல். பெர்ரியின் பந்தை நடுவர் வாங்கிப் பார்க்கலாம், பார்த்தார்கள், ஒரு முறை வெளியேயும் அனுப்பினார்கள். ஊசியை எந்த நடுவரும் பார்க்க முடியாது.

இதில் எனக்கு உண்மையிலேயே கஷ்டமான இடம் 'கிரீனீஸ்' என்று வீரர்கள் அழைத்த ஆம்ஃபெடமின் மாத்திரைகள். 1960-கள் தொட்டு உடைமாற்றும் அறைகளில் மிட்டாய் மாதிரிப் புழங்கியவை. களைப்பைப் போக்கி விழிப்பாக வைக்கும். இதற்கான சோதனை 2006-இல்தான் வந்தது. பாண்ட்ஸுக்கு முன் ஹோம் ரன் சாதனையை வைத்திருந்த ஹேங்க் ஆரன்கூட ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். விழிக்க வைக்கும் மாத்திரையும், தசையை வளர்த்து முப்பத்தைந்து வயதுக்காரரை இருபத்தைந்து ஆக்கும் மருந்தும் ஒன்றில்லை என்பது என் நிலை. ஆனால் அந்தக் கோடு நான் விரும்பும் அளவுக்கு நேராக இல்லை.

நிர்வாகத்தில் இருந்தவர்களுக்குப் பொறுப்பு இல்லையா?

இருக்கிறது, நிறைய. பட் செலிக் 1992-இலிருந்து 2015 வரை விளையாட்டின் தலைமையில் இருந்தார். மருந்து பரவியதும் அவர் காலத்தில், வருமானம் கொட்டியதும் அவர் காலத்தில். அவரை 2017-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். வேலியே பயிர் மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த தோட்டக்காரருக்கு மாலை போட்டது மாதிரி. செலிக் உள்ளே, பாண்ட்ஸ் வெளியே என்பது அநியாயம் என்று சொல்பவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். அதற்கு என் தீர்வு பாண்ட்ஸையும் சேர்ப்பதில் இல்லை, செலிக்கைச் சேர்க்காமல் இருந்திருக்க வேண்டும்.

சேர்க்காவிட்டால் வரலாற்றை மறைப்பதாகாதா? பலகையிலேயே உண்மையை எழுதிச் சேர்க்கலாமே?

யாரும் எதையும் மறைக்கவில்லை. 2007-இல் பாண்ட்ஸ் ஆரனின் 755-ஐத் தாண்டி அடித்த 756-ஆவது பந்தை, ஆடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ ஏலத்தில் 7,52,467 டாலருக்கு வாங்கினார். என்ன செய்யலாம் என்று இணையத்தில் மக்களிடம் ஓட்டு விட்டார். சந்தேகத்துக்குரிய சாதனை என்று காட்டும் நட்சத்திரக் குறி போடுங்கள் என்று முடிவு வந்தது. வெள்ளைத் தோலில் அந்தக் குறி வெட்டப்பட்ட பந்து இப்போது கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். 762 என்ற எண்ணும் சாதனைப் பட்டியலில் அப்படியே இருக்கிறது. ஒலிம்பிக்கில் பென் ஜான்சனின் தங்கத்தை 1988-இல் மூன்றே நாளில் திரும்ப வாங்கினார்கள். பேஸ்பாலில் எதையும் திரும்ப வாங்கவில்லை. விருது, சம்பளம், எண் எல்லாம் அவர்களிடமே. மிச்சம் இருப்பது இந்த ஒரு சுவர்தான்.

"ஸ்டீராய்டு எடுத்தார்" என்று வெண்கலத்தில் பொறித்து மாட்டலாம் என்ற யோசனையை நல்ல மனிதர்கள் பலர் சொல்கிறார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படி நினைத்தேன். அந்தக் கூடத்தில் நின்று பார்த்தபோது மனம் மாறியது. யாரும் வரிகளை நின்று படிப்பதில்லை. முகத்தைப் பார்க்கிறார்கள், பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள்.

கிரிக்கெட்டில் இப்படி யாராவது உண்டா?

ஷேன் வார்ன். 2003 உலகக் கோப்பைக்கு முன் தடை செய்யப்பட்ட நீர்போக்கு மாத்திரை எடுத்தது தெரிந்து, ஓராண்டு தடை. ஸ்டீராய்டை மறைக்கவும் அது உதவும் என்பதால்தான் தடைப் பட்டியலில் இருக்கிறது. உடல் எடை குறைக்க எடுத்ததாக அவர் சொன்னார். திரும்பி வந்து 708 டெஸ்ட் விக்கெட்டில் முடித்தார், 2013-இல் ஐசிசி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். மணிக்கட்டுச் சுழலுக்கு மாத்திரை உதவாது என்று ரசிகர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனாலும் காயத்திலிருந்து சீக்கிரம் மீளவும் மருந்து உதவும், வார்னுக்கு அப்போதுதான் தோள்பட்டை இடம் மாறியிருந்தது. அவர் மீது எனக்குள்ள பிரியம் இந்தக் கேள்வியை அமுக்கிவிடுவதை நான் உணர்கிறேன்.

பாண்ட்ஸுக்கு இனி வாய்ப்பே இல்லையா?

மிகக் குறைவு. 2022 டிசம்பரில் 16 பேர் குழு பரிசீலித்தது. 493 ஹோம் ரன் அடித்த, எந்தச் சந்தேகமும் ஒட்டாத ஃப்ரெட் மக்ரிஃப் 16 ஓட்டும் வாங்கித் தேர்வானார். பாண்ட்ஸுக்கு நான்கு ஓட்டுகூட வரவில்லை. 2025 டிசம்பரில் மறுபடியும் முயற்சி, இந்த முறை ஐந்துக்கும் குறைவு. புது விதிப்படி ஐந்து ஓட்டு வாங்காதவர் அடுத்த சுற்றில் வர முடியாது. இந்த விதி வந்தபின் இரண்டு முறை அப்படியானால் கதவு நிரந்தரமாக மூடப்படும். ஆகவே அடுத்த வாய்ப்பு 2031-இல், அதுவே கடைசியாகவும் இருக்கலாம். அப்போது அவருக்கு 67 வயது.

அதற்குள் அவர் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் பேசினால் என் முடிவு மாறுமா என்று ஒரு நண்பர் கேட்டார். பலகை விஷயத்தில் மாறாது. ஆனால் எப்போது தொடங்கினார், 1998 செப்டம்பரில் மக்வயருக்கு நாடே கைதட்டியதைப் பார்த்தபோது மனதில் என்ன ஓடியது என்பதை அவர் வாயால் கேட்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஃபோர்ட் மயர்ஸிலிருந்து பையைக் கட்டிக்கொண்டு போன அந்த மூன்று பேரும் அதைக் கேட்க வேண்டும்.